சிம்னி சாரின் மச்சான்

தர்மபுரி மாவட்டத்தில் சிம்னி சார் அளவுக்கு அழத் தெரிந்த ஆண்பிள்ளை வேறு யாரும் கிடையாது. துக்க வீடுகளில் அல்ல. அங்கெல்லாம் அவர் பந்தல் கம்பத்தைப் போல நிற்பார். அவர் அழுதது மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வாளர்களுக்கான பயிற்சி வகுப்பில், பட்டப்பகலில், கடமையாக.

வேலையில் புதிதாகச் சேர்ந்த எங்களைப் பயிற்சிக்காக தர்மபுரிக்கு அனுப்பியிருந்தார்கள். எந்த ஆலையின் புகைக்கு இசைவாணை கொடுக்கலாம், எதற்கு மறுக்கலாம் என்று கற்றுத்தர வந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர். ஒல்லி. வாசலில் குனிந்து நுழையும் உயரம். முதல் நாளே சிம்னி சார் ஆகிவிட்டார். பெயர் காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை. "விதிப்படி என் உயரம் பத்தாது" என்றார்.

விதிகளைப் பலகையில் எழுதியதெல்லாம் கொஞ்ச நேரம்தான். மற்றபடி அவர் ஆலை முதலாளி, நாங்கள் ஆய்வாளர்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆளே மாறிவிடுவார். "வாங்க தம்பி, எந்த ஊரு? எங்க பெரியம்மாவக் குடுத்த ஊராச்சே" என்று ஆரம்பிப்பார். அடுத்து அமைச்சரைத் தெரியும் என்பார். அதற்கும் மசியவில்லை என்றால் அழுகை. "பொண்ணு கல்யாணத்த வச்சிக்கிட்டிருக்கறனுங்க. இப்பப் போயி ஆலைய மூடச் சொன்னா நா எங்கீங்க போவேன்?"

கண்ணீர் நிஜமாகவே சட்டையில் சொட்டும். எங்களில் ஒருவர் எழுந்துபோய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் இசைவாணையையே எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்திவிட்டு, "நீங்க புகைபோக்கியப் பாக்க வந்தீங்களா, எம்மூஞ்சியப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

தேறியது இண்டூர் கலைவாணி மட்டும்தான். அழுகை உச்சத்தில் இருந்தபோது அவள், "நீங்க அழுவுங்க சார், நா போயிப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று எழுந்து வெளியே போய்விட்டாள். அங்கே கொதிகலன் ஏது? வராந்தாவில் இருந்த தண்ணீர்த் தொட்டியை ஆய்வு செய்து, குறைப் பட்டியலோடு திரும்பி வந்தாள்.

பயிற்சியின் பிற்பகுதியில் நிஜமான ஆலைக்குப் போனோம். கடத்தூர்ப் பக்கம் ஒரு சவ்வரிசி ஆலை. எந்த ஆலை என்று முடிவு செய்தது மேலிடம். பெயரைக் கேட்டதும் சார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வண்டியில் போகும் வழியெல்லாம் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

புகைபோக்கியிலிருந்து எருமை நிறத்தில் புகை வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டோம். "நாங்க வெள்ளத் துணி எடுக்கறதையே வுட்டுட்டமுங்க" என்றார், குறையாகக்கூட அல்ல. உள்ளே, புகையில் தூசியைப் பிடிக்கும் கருவி இருந்தது. புகைதான் அதற்குள் போகவில்லை. மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்க, தனிக் குழாய் போட்டு நேராகப் புகைபோக்கிக்கு அனுப்பியிருந்தார்கள். கலைவாணி எழுத ஆரம்பித்தாள்.

ஆலை முதலாளி ஓடி வந்தார். "அம்மிணி, கெழங்கு சீசனுங்க. இப்ப மூடுனா குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துருமுங்க" என்றார். கண் கலங்கியது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சார் நடிக்க ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார்! முதலாளி சார் பக்கம் திரும்பி, "மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க. உங்க தங்கச்சி முகத்துக்காகவாவது" என்று விம்மியபோது எங்களால் தாங்க முடியவில்லை. கைதட்டிவிட்டோம். "சாரை விட நீங்க பிரமாதங்க" என்று முதலாளியிடமே சொன்னேன்.

கலைவாணி மட்டும் தட்டவில்லை. கையில் பேனா இருந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டு சாரைப் பார்த்தாள்.

"எழுதுங்க" என்றார் சார்.

திரும்பும்போது அவள் கேட்டாள்: "சார், அவரு நெசமாவே உங்க மச்சானா?"

"ஆமா."

"அங்கயே சொல்லிருக்கலாமே சார்."

"சொல்லியிருந்தா நீங்க எம்மூஞ்சியப் பாத்துருப்பீங்க."

கைதட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆலை மூடப்பட்டது. தங்கை அண்ணனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். சாருக்கு மனைவி தவறிப் பல காலம். தங்கை வீடு ஒன்றுதான் அவருக்குப் போக வர இருந்த இடம் என்று பிறகு தெரிந்தது. வகுப்பில் அதற்கப்புறமும் அவர் அழுதார். ஆனால் நாங்கள் யாரும் அதைப் பார்த்து இசைவாணை எழுதவில்லை, சிரிக்கவும் இல்லை.

மச்சான் தனிக் குழாயைப் பிடுங்கிப் போட்டு, கருவியைச் சரிசெய்து, மறு ஆய்வுக்கு விண்ணப்பித்தார். கலைவாணி போனாள். எங்களில் சிலரும் ஒட்டிக்கொண்டோம். சாரும் வந்தார், வண்டியருகிலேயே நின்றார். தங்கை ஆலையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்த அண்ணனை விட்டுவிட்டுக் கலைவாணியிடம் கேட்டார்.

"உங்க சாரு பிரசர் மாத்திரைய ஒழுங்கா போடறாராம்மா?"

கலைவாணி சாரைப் பார்த்தாள். "போடறேன்னு சொல்லு" என்றார் சார். அவள் சொன்னாள்.

"ராத்திரிக்கு என்ன சாப்புடறாராம்?"

"களிதான்னு சொல்லு."

"எளச்சிட்டாருன்னு சொல்லும்மா."

கலைவாணி சொன்னாள். சார் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவளுந்தான்னு சொல்லு" என்றார்.

ஆய்வுக்காக மூட்டிய கொதிகலனின் புகை வெளுத்துவிட்டிருந்தது, பார்க்க அதிக நேரம் ஆகாது. இருந்தாலும் அன்றைய ஆய்வை முடித்துக்கொண்டு கிளம்ப எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.