பள்ளிக்கூடம் விழுங்கிய இரண்டு அங்குலம்

அன்பும் மரியாதையும் கலந்த அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் சொல்லக் கை வரவில்லை. அத்தானுக்கு முட்டிவலி தேவலையா?

விஷயம் என் மகளை, அதாவது உங்கள் மருமகளைப் பற்றியது. வருஷா வருஷம் பள்ளி திறக்கும் அன்று அவளைச் சமையலறைக் கதவு நிலையோடு நிறுத்தி, தலைக்கு நேராகப் பென்சில் கோடு போடுவேன் அல்லவா? இந்த வருஷக் கோடு நாலு அங்குலம் மேலே! லீவில் வீட்டுக்குப் புதுத் தரை போட்டு முடித்த கையோடு இந்தச் சந்தோஷமும் சேர, எனக்குத் தலைகால் புரியவில்லை. தையல்காரரிடம் போய், சீருடையை இரண்டு சைஸ் பெரிதாகத் தைக்கச் சொன்னேன். "பிள்ளைய ஒரு தடவ கூட்டிட்டு வாங்களேன்" என்றார். "இருபது வருஷமா டைல்ஸ் ஒட்டுறவன்கிட்டயா அளவு பேசுறீங்க?" என்று அவர் வாயை அடைத்தேன். வாலிபால் டீமில் சேர நாலடி ஐந்தங்குலம் வேண்டுமாம். ராத்திரி பகலாக அதே கனவு பிள்ளைக்கு. "உனக்கு அதுக்கு மேலயே இருக்கு, தைரியமாப் போ" என்று அனுப்பினேன்.

போனவள் அழுதுகொண்டே வந்தாள். பள்ளி நர்ஸம்மா அளந்து, நாலடி நாலு என்று அட்டையில் எழுதிவிட்டார்களாம்! போன வருஷக் கோடு நாலடி இரண்டு, அவங்க அட்டையிலும் அதேதான். அதுக்கு மேல நாலு. எனக்குக் கூட்டத் தெரியாதா அக்கா? ரெண்டு அங்குலத்தை முழுங்கிட்டாங்க! வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். "உங்க வீட்டு அளவு தப்பா இருக்கும் சார்" என்கிறார் அந்தம்மா. நூல் பிசகாமல் தரை போடுகிறவனைப் பார்த்து! என் கண்ணெதிரே மறுபடி அளந்தார், மறுபடியும் நாலடி நாலு. "அப்ப உங்க உயரம் அளக்கற பலகைதான் கோணல்" என்று கத்திவிட்டு வந்தேன். விளையாட்டு வாத்தியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வரும் வழியில் பிள்ளை கேட்கிறாள், "அப்பா, நான் பள்ளிக்கூடம் போற வழியில சுருங்கிடுறேனா?" வயிறு எரியுதா இல்லையா சொல்லுங்க.

நீங்கள் தலைமை ஆசிரியையாக இருந்தவர். அந்தப் பள்ளித் தலைமையம்மாவுக்குச் சூடாக ஒரு கடிதம் போடுங்கள். நானும் அவருக்கு மூன்று பக்கம் எழுதி நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன்.

அத்தானுக்கு வணக்கம். உங்கள் மருமகளை ஆசீர்வதியுங்கள், முக்கியமாக உயரத்துக்கு.

இப்படிக்கு,
நியாயம் கேட்கும் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், இந்த வீட்டுக்கு வந்த புதிதில் விளையாட்டாகப் போட்ட என் கோடும் அந்த நிலையில் இருப்பது ஞாபகம் வந்து, நானும் போய் நின்றேன். உங்கள் மருமகள் நாற்காலி மேல் ஏறிப் பார்த்து, "அப்பா, நீங்களும் ரெண்டு அங்குலம் வளந்திருக்கீங்க" என்றாள். நாற்பத்து மூன்று வயதில்! இருவரும் மெதுவாகக் கீழே பார்த்தோம். பழைய தரையை உடைக்கச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே கலவை கொட்டி டைல்ஸ் ஒட்டியவன் நான்தான். நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். "மன்னிச்சிரும்மா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பரவாயில்லப்பா, இன்னும் ஒரு அங்குலம்தானே, நானே வளந்துக்கறேன். நீங்க தரையத் தொடாதீங்க" என்றாள்.