பழுது, ஓடாது

காலிங்பெல் விடாமல் அடித்தது. மனைவி வழக்கம்போல் குளியலறையில் இருந்தாள். லிஃப்ட் மெக்கானிக் மல்லாந்து படுத்தபடியே கூரையை முறைத்தார்.

அவருடைய ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போயிருந்தது. விலாவில் மெல்லிய குழாயைச் சொருகி, கசிந்த காற்று வெளியேற மார்பில் தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்றை ஒட்டி, டாக்டர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

"படுத்தே கிடக்காதீங்க, நடமாடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள விரியலைன்னா ஆபரேஷன்தான்."

ஆபரேஷன் என்றால் மெக்கானிக்குக்குக் குலை நடுங்கும். ஆனால் நடக்கச் சொன்னதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"பழுதான லிஃப்ட்டை எவனாவது ஓட்டுவானா? நிறுத்தித்தான் வைக்கணும்."

மனைவி கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவர் கட்டையாகப் படுத்துவிட்டார்.

பெல் நிற்கவில்லை. முனகிக்கொண்டே எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். மாடி வீட்டுக்காரர்.

"ஆஸ்பத்திரியில சேர்த்துக்கவே இல்லையாமே? கையை விரிச்சுட்டாங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார்."

"இருக்கிறவரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்."

துக்கத்தில் வந்தவருக்கே கால் தள்ளாடியது. மெக்கானிக்தான் கையைப் பிடித்து மாடிவரை ஏற்றிவிட்டு வந்தார்.

வந்ததும் பெல் வயரைப் பிடுங்கினார். அடுத்து வந்தவர்கள் கதவை இடித்தார்கள். கதவைத் திறந்தே போட்டார். பெரியம்மா நேராக வந்து கட்டிலில் சாய்ந்து அழுதாள். அவர் எழுந்துபோய் நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று.

"ஏங்க, பெரியம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

கடைசியாக, வேலைக்குக் கொண்டுபோகும் 'பழுது, ஓடாது' பலகையை வாசலில் மாட்டினார். பல வருஷமாகப் பேசாத பங்காளி அதைப் படித்துவிட்டுப் போய், மலர்வளையத்தோடு திரும்பி வந்தான். மெக்கானிக் மார்புப் பெட்டி குலுங்க அவனைத் தெருமுனைவரை விரட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிக்கும் முன்பே அவர் கும்பிட்டார்.

"என்னை இங்கேயே சேர்த்துக்குங்க டாக்டர். ஆபரேஷன்கூடப் பண்ணிடுங்க. வீட்டுல ஒரு நிமிஷம் படுக்க விட மாட்டேங்கிறாங்க."

"ஆபரேஷன் எதுக்கு? அழகா விரிஞ்சிடுச்சே. சொன்னபடி நல்லா நடந்திருக்கீங்க" என்று டாக்டர் குழாயை உருவினார்.

வெளியே காத்திருந்த மைத்துனன் விஷயத்தைக் கேட்டதும் தன் அக்காவிடம் திரும்பினான்.

"அப்போ நாளைக்கு நீ வரச் சொன்ன ஆளுங்களை என்னக்கா பண்றது, வேண்டாம்னு சொல்லிடவா?"