நான் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போன கம்ப்யூட்டர்

சோம்பேறியால் ஓர் ஆபீசுக்கு வரும் சேதம் கொஞ்சம்தான். அவன் எதையும் தொடுவதில்லை. பொறுப்பான பையனைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். எழுபதுகளில் நான் மகா பொறுப்பான பையன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கே நான் தற்காலிக ஆபரேட்டர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான் (எனக்கு முன்னால் எங்கள் ஆடு நுழைந்திருக்கிறது, துரத்திவிட்டார்கள்). நடவு வேலைக்குப் போன அம்மா, “எம்புள்ள கரண்ட்ல கணக்கு போடுது” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வேலை நிரந்தரமா, வீடா என்பதை அந்த மாதக் கடைசியில் சொல்வதாக எங்கள் அதிகாரி வேதாசலம் சார் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் போட்டி வந்தது. எங்கள் பழைய மெஷினின் மெமரி, கடுகளவு காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துப் பின்னிய வலை. இன்னொரு கம்பெனி கொண்டுவந்து நிறுத்திய புதுசில் சிப் மெமரி. இரண்டுக்கும் கணக்கைத் துளைகளாகப் போட்ட ஒரே கார்டுக் கட்டு, ஒரே கணக்கு. எது முந்துகிறதோ அதுதான் சென்டருக்கு. தீர்ப்புச் சொல்ல மெட்ராசிலிருந்து மூன்று பேர் கமிட்டி.

பழையது முந்தின நாள் பொழுதெல்லாம் முக்கி முடித்திருந்தது. புதுசோ காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிட்டது! வாய் பிளந்து நின்றேன்.

“விடை உள்ளேயே இருக்கட்டும். சாப்பிட்டு வந்து கமிட்டி கண்ணு முன்னால பிரிண்ட் எடுப்போம். ஏழுமலை, மெஷினைப் பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் மாமல்லபுரத்துக்கு மீன் சாப்பிட அழைத்துப் போனார் சார்.

பார்த்துக்கொண்டேன். மதியத்தில் மெஷினை அணைத்து ஆறவைப்பது எங்கள் வழக்கம். திரும்பப் போட்டால் பழையது விட்ட எண்ணிலிருந்து தொடரும். வளையத்தில் ஏறிய காந்தம் கரண்ட் போனாலும் போகாது. புதுசைத் தொட்டேன், சுட்டது. வந்த விருந்தாளியைக் காயவிடலாமா? அணைத்தேன். ஒரு அட்டையை எடுத்துக் கொஞ்சம் விசிறியும் விட்டேன் (இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை). பிறகு என் தூக்குச்சட்டியைத் திறந்தேன்.

கார் சத்தம் கேட்டதும் சுவிட்சைப் போட்டேன். கமிட்டி சுற்றி நிற்க, பிரிண்டர் கடகடவென்று ஓடியது. சக ஆபரேட்டர் டேவிட்தான் முதலில் எட்டிப் பார்த்தான்.

“இன்னா மச்சான் இது, மணல்ல நண்டு ஓடுன மாரி கீது?”

எண்ணே இல்லை. புள்ளியும் கோடும் குப்பையும் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தன. புதுக் கம்பெனி விற்பனையாளர் முகத்தில் ரத்தமே இல்லை.

“யாராவது ஆஃப் பண்ணீங்களா?”

“நான்தான் சார். ஆறட்டும்னு.”

கோட்டும் டையுமாக மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “தம்பி, கரண்ட் போனா இது எல்லாத்தையும் மறந்துடும்!”

அவ்வளவு வேகமான மூளைக்கு இப்படி ஒரு வியாதியா?

“எல்லாத்தையுமா? கணக்கைக் கூடவா சார்?” என்று கத்தினேன். “எங்க பழசு மறக்காதே!”

வேதாசலம் சார் கண்ணை மூடிக்கொண்டார். கமிட்டிப் பெரியவர் மட்டும் பேனாவைத் திறந்தார். “இங்கே ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போகும்?”

“சொல்ல முடியாது சார். இன்னிக்கு இன்னும் போவல” என்றான் டேவிட், உதவி செய்வதாக நினைத்து.

மறுநாள் மறுபடி ஓட்டினார்கள். நான் சுவிட்சுப் பக்கம் போகாமல் டேவிட் காவல் நின்றான். புதுசே ஜெயித்தது. அதை வாங்கினார்கள், கூடவே கரண்ட் போனால் தாங்க ஒரு அறை நிறைய பேட்டரியும். என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

வீட்டில் அழாத குறையாகச் சொன்னேன். அம்மா அதிர்ந்துபோனாள், ஆனால் எனக்காக இல்லை. “மறக்கறதப் போயா வாங்கினாங்க? படிச்சவங்கதானடா அவங்கல்லாம்?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரண்ட் போனால் யாரும் மெழுகுவத்தி தேடுவதில்லை. முதலில் அம்மாவின் குரல்தான் வரும்:

“டேய் ஏழுமல, நான் ஆருன்னு தெரியுதா?”

இப்போது அதை என் பேத்தி கேட்கிறாள். தெரியுது என்று நான் சத்தமாகச் சொன்ன பிறகுதான் விளக்கேற்றுவார்கள்.