சம்பந்திக்கு ஏற்ற ஜாஸ்

மஜீத் சிபாரிசு செய்த இசைத்தட்டு முதல்முறையாகத் திரும்பி வந்திருந்தது. அதுவும் சம்பந்தி வீட்டிலிருந்து.

"இன்னாப்பா தங்கதுரை, கீறல் ஏதாவது இருக்குதா?" தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார் மஜீத்.

"அதெல்லாம் இல்லீங்க பாய். தூக்கம் வருதாம். வேற வாங்கியாரச் சொன்னாரு மொதலாளி."

தங்கதுரை, சின்னசேலம் நூருல்லாவின் சிமெண்ட் கடையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சொன்னதைச் சொல்லிவிட்டுப் பீடிக்குத் தீப்பெட்டி தேடினான்.

கள்ளக்குறிச்சி கச்சேரி ரோட்டில் அவர் தந்தை தொடங்கிய இசைத்தட்டுக் கடை அது. கல்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களா விலைக்குப் போனபோது, அங்கிருந்த ஜாஸ் தட்டுகளை அப்படியே வாங்கி வந்தார் பெரியவர். இன்றைக்கும் புதுச்சேரியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சேகரிப்பாளர்கள் தேடி வருகிறார்கள். மஜீத் ஆளைப் பார்ப்பார். ஒன்றிரண்டு கேள்வி கேட்பார். ஒரு தட்டை எடுத்து நீட்டுவார். பிடிக்கவில்லை என்று எவரும் திருப்பியது கிடையாது. குடும்பத்துக்குச் சொத்து என்றால் அந்தப் பேர்தான்.

மகள் சப்ரினுக்கும் நூருல்லாவின் மகன் சுஐபுக்கும் நிச்சயம் முடிந்து, நிக்காஹ் தேதி மட்டும் பாக்கி. தேதி பேச வந்த அன்று கடையில் ஓடிய ஜாஸை நூருல்லா உன்னிப்பாகக் கேட்டார்.

"இதுல பாட்டே வராதா சம்பந்தி? வெறும் வாத்தியந்தானா? நல்லா சத்தமா ஓடுமா?"

பிளேயர், ஸ்பீக்கர், தட்டு என்று எல்லாவற்றையும் இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினார். "தேதியக் கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்" என்றார் போகும்போது.

"ஏங்க, தேதியப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, தட்டு மட்டும் திரும்பி வருது" என்றாள் மனைவி அத்தியா. "உங்க ரசனைய வெச்சுத்தான் நம்மள எடை போடறாங்களோ இன்னாவோ!"

மஜீத் போன் போட்டார். "சம்பந்தி, உங்களுக்கு எந்த மாதிரி வேணும்?"

"கொஞ்சம் முரட்டுத்தனமா இருந்தாத் தேவல. அப்புறம் சம்பந்தி, ஸ்பீக்கர மல்லாக்க வெச்சுப் போட்டா கெட்டுப்பூடுமா?"

மஜீத் போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அத்தியா, சத்தம் மோட்டுவளைல மோதித் திரும்பி வரணும்ங்கறாரு. பெங்களூர்க்காரனுக்கே தெரியாத நுணுக்கம். லேசுப்பட்ட ஆளுன்னு நெனச்சுட்டேன்!"

அடுத்ததாக, ஒரு பட்டாளமே டிரம்பெட் ஊதும் தட்டை அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது.

"இதுக்குக் காலால தாளம் போடறாங்களாம் பாய். சரிப்படலன்னுட்டாரு."

"தாளம் போட்டா நல்லதுதானப்பா?"

"எனக்கு இன்னாங்க தெரியும்? மொதலாளி மூஞ்சி செத்துப்பூச்சு."

தாளம் போடுவதையே மட்டமாக நினைக்கும் ரசிகர்! மஜீத் இரவெல்லாம் தட்டுகளைப் புரட்டினார். கடைசியில் இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே சாக்ஸபோன் தட்டு ஒன்று இருந்தது. தாளமும் கிடையாது, மெட்டும் கிடையாது. ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள். மஜீத்தின் உயிர் அது. புதுச்சேரி சேகரிப்பாளர் கலையரசனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"குடுத்த வாக்கு?" என்றாள் அத்தியா.

"பொண்ணு வாழ்க்கைம்மா."

தட்டு சின்னசேலம் போன மறுநாளே கலையரசன் வந்து நின்றார். விஷயம் தெரிந்ததும் வாங்கிய டீயைக் குடிக்காமல் மேசையில் வைத்தார். "உங்கப்பா இருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டாரு பாய். இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்."

மஜீத் தலை குனிந்து நின்றது அன்றுதான்.

சின்னசேலத்திலிருந்து சத்தமில்லை. போன் போட்டால் நூருல்லா எடுக்கவில்லை. சப்ரின் யார் முகத்தையும் பார்க்காமல் வளைய வந்தாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து திரும்பிய மஜீத், கடை வாசலில் லோடு ஆட்டோவைப் பார்த்தார். பிளேயர், ஸ்பீக்கர், சாக்ஸபோன் தட்டு, எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன.

அத்தியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மஜீத் தொப்பியைச் சரிசெய்து நிமிர்ந்து நின்றார்.

"சொல்லுப்பா தங்கதுரை. சம்பந்தம் வேணாம்னா நேராச் சொல்லட்டும். உங்க மொதலாளி எங்க கிட்ட இன்னா கொறையக் கண்டாரு?"

"அட நீங்க வேற பாய்! பொண்ணு மாப்ளைக்கு மாடி வேணும்னு, அங்க இருக்கற குடித்தனக்காரரச் சத்தம் போட்டே வெரட்டலாம்னு பாத்தாரு மொதலாளி. அந்தாளு தானாக் காலி பண்றதுக்குக் கட்டி வெச்ச மூட்டையெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு, 'அடுத்த தட்டு எப்ப வரும்'னு கேட்டுக்கினு இருக்காரு!"