மேலே வராத யோயோ

முருகன் துணை

சேரப்பணஞ்சேரி

அந்த யோயோவ நீயே வந்து எடுத்துக்கினு போயிடு மோகன், சொல்லிட்டேன். இல்லாங்காட்டி செம்பரம்பாக்கம் ஏரில வீசிட்டு வந்துடுவேன். மெட்ராஸே குடிக்கிற தண்ணியாச்சேன்னுதான் பாக்குறேன்.

பாத்தியா, எடுத்த எடுப்புல இதையா எழுதுவாங்க. என் தம்பி மகன் மோகனுக்கு, அத்தை சுந்தராம்பாள் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே குன்றத்தூர் முருகன் புண்ணியத்தில் எல்லாரும் நலம், உன் மாமாவின் வலது கையைத் தவிர. பெங்களூரில் உன் நலமும், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதும் தெரியப்படுத்தவும். போன் பண்ணலாம்தான். பண்ணா நீ சிரிச்சிக்கினே வச்சிடுவ. லெட்டரப் பாத்து சிரிச்சா எனக்குக் கேக்காது.

கை விஷயம் உனக்கே தெரியும். ஒரகடம் ரோட்டுல வண்டி சறுக்கி மணிக்கட்டு எலும்பு ஒடிஞ்சுது, கட்டுப் போட்டாங்க, பிரிச்சாங்க, எலும்பும் கூடிடுச்சு. ஆனா கட்டைவெரலும் ஆள்காட்டி வெரலும் சேந்து ஒரு சாமானப் புடிக்க மாட்டேங்குது. சட்டைப் பொத்தான்கூட நான்தான் போட்டு வுடுறேன். வர்ற வெள்ளிக்கிழமை கம்பெனி டாக்டர் பாக்குறாராம். குண்டூசியும் சின்ன நட்டும் மேசைமேல வச்சு எடுக்கச் சொல்வாராம். எடுத்தா பழையபடி கம்பெனி லைன்ல நின்னு வேலை பாக்கலாம், எடுக்கலன்னா வூட்டுக்குப் போன்னுடுவாங்க. அதுக்குத்தான் ஆஸ்பத்திரில ரப்பர் பந்து குடுத்து அமுக்கச் சொன்னாங்க. புள்ளைங்க வெளையாடுற சாமான்னு மாமா அதைக் கட்டிலுக்கு அடியில வுட்டுட்டார். நீ வந்த, "பந்து வேணாம் மாமா, இத ஆட்டுங்க, கை தானா வந்துரும்"னு கயித்துல சுத்தி மேலயும் கீழயும் வுடுற உன் யோயோவக் குடுத்துட்டுப் போயிட்ட. இது மட்டும் இன்னா, பெரியவங்க சாமானா? நல்ல மனசுலதான் குடுத்த, இல்லன்னு சொல்லல.

ஆட்டுனாத்தானே கை வரும்? மொத நாளே அது கீழ போச்சு, போனது போனதுதான், அங்கியே நின்னு சுத்திக்கினு கெடக்குது. மாமா இழுக்குறார், அது பாட்டுக்கு சுத்துது, அப்பால ஓஞ்சுபோயி கெணத்து வாளியாட்டம் தொங்குது. வெளக்கு வக்கிற நேரத்துல, போனது திரும்பி வராத சாமான நடு வூட்டுல ஆட்டலாமான்னு எனக்கு மனசே ஆறல. மாமா போன்ல வீடியோ பாத்துட்டு, இது கை தேறினவங்க ஆட்டுற ரகம், நடுவுல பேரிங் இருக்குது, அது ரொம்ப லேசா சுத்துறதால கயித்தப் புடிக்கல, கெட்டி எண்ணெ ஒரு சொட்டு விட்டா மேல வரும்னார். அவ்ளோதானேன்னு, அவர் குளிக்கப் போன நேரமாப் பாத்து சாமி வெளக்குக்கு வச்சிருந்த வெளக்கெண்ணெய ஒரு கரண்டி ஊத்திட்டேன். சாமி எண்ணெ கெடுதல் பண்ணாதுன்னு ஒரு நம்பிக்கைதான். வந்துச்சுடா மேல. நேரா மாமா மூக்குக்கே வந்துச்சு. எண்ணெ செவுரெல்லாம் தெளிச்சு முருகர் படத்துக்கு அபிஷேகமே ஆயிடுச்சு.

அன்னிக்கு ஆரம்பிச்சது இந்தக் கழட்டுற வேலை. மாடில குடியிருக்குற தங்கமாரி, சங்கரன்கோவில் பக்கத்துப் பொண்ணு, பேரிங் பூட்டுற லைன்ல வேலை பாக்குறவ, எட்டிப் பாத்து, "பெட்ரோல்ல கழுவிருங்க மாமா, எண்ணெயெல்லாம் போயிரும்லா"ன்னுட்டுப் போயிட்டா. மாமா எவ்ளோ பெட்ரோல்ல கழுவினார்ன்றது, மறுநாள் நான் கோயிலுக்குப் போறப்ப படப்பை தாண்டி வண்டி நின்னப்பத்தான் தெரிஞ்சுது. பூக்கூடையோட தள்ளிக்கினே போறேன், பின்னால கண்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் மேல ஹாரன் அடிக்கிறான், முருகா முருகான்னு சொல்ல வேண்டிய வாயி வேற என்னென்னமோ சொல்லுச்சு. வூட்டுக்கு வந்தா பெட்ரோல் நாத்தத்துல ஊதுவத்தி கூட ஏத்த முடியல. அந்தப் பேரிங்குக்கு ஒரு மூடி இருக்குதாம், அத முடி மாதிரி ஒரு கம்பி வளையம் புடிச்சிக்கினு இருக்குதாம். ஊசியால நெம்புறேன்னு அதப் பறக்க வுட்டுட்டு, கெடைக்கிற வரைக்கும் யாரும் தொடப்பத்தத் தொடக்கூடாதுன்னுட்டார். கடைசில அது என் கொண்டையில இருந்துச்சு. அத்தோட வுட்டாரா? உள்ள ஒட்டியிருந்த ரப்பர் தேஞ்சிடுச்சுன்னு பிச்சு எடுத்துட்டு, சிங்க்குக்குப் பூச வாங்கி வச்ச சிலிக்கான் பசைய அதுல பூசிட்டார். சிங்க்கு ஒழுவுது. கயிறு அறுந்ததுக்கு, நான் சாமிக்குப் பூ கட்டுற நூல மடிச்சு முறுக்கி மாட்டினார். அந்த நூலும் அறுந்து யோயோ தெறிச்சுப்போயி, தங்கமாரி மாடிப்படில வச்சிருந்த பால் குண்டான்ல போயி விழுந்துச்சு. பால் போச்சு. திரும்பவும் கழட்டு, திரும்பவும் கழுவு, திரும்பவும் மாட்டு.

காத்தால பேப்பர விரிச்சா சோத்துக்குத்தான் எழுந்து வர்றார். ஊசியாம், இடுக்கியாம், காது தொடைக்கிற பஞ்சாம். அத ஒரு தரம் ஒழுங்கா ஆட்டி நான் பாக்கல. கேட்டா, "இன்னும் செட்டாவலடி, செட்டாவட்டும்"ன்றார். வெள்ளிக்கிழமை டாக்டர் யோயோவையா பாக்கப் போறார்? இருபது வருசமா போயிக்கினு வந்த வேலைடா. அது போச்சுன்னா இந்த மனுஷன் வூட்லயே உக்காந்து இன்னும் எதெதக் கழட்டுவாரோ. கை சரியானா மொட்டை போடுறதா முருகன்கிட்ட வேண்டிக்கினு இருக்கேன். மாமா தலையத்தான். அவருகிட்ட இன்னும் சொல்லல.

ஆகவே லீவு சொல்லிவிட்டு புதன்கிழமைக்குள் வந்து உன் சாமானை வாங்கிக்கொண்டு போகவும். மீதி இருக்கிற ரெண்டு நாளாவது அந்தப் பந்தக் குடுத்து அமுக்க வக்கிறேன். அப்பா அம்மாவுக்கு நான் ரொம்பக் கேட்டதாகச் சொல்லவும். தலைக்கு எண்ணெய் வைக்கவும். கந்தன் உனக்குத் துணையிருப்பான்.

இப்படிக்கு,
சுந்தராம்பாள் அத்தை

பி.கு.: இரு, வர வேணாம். கவர ஒட்டப் போனப்பத்தான் ஞாபகம் வருது. இன்னிக்குக் காத்தால கோயிலுக்குக் கெளம்புறேன், தாலிச் சங்கிலி கொக்கி வுட்டுக்கினு வந்துடுச்சு. பின்னால எனக்கு எட்டல, தங்கமாரி வேலைக்குப் போயிட்டா, வூட்ல வேற ஆளும் இல்ல. சிங்க்கு ஒழுவுறதுக்குத் திட்டிக்கினே திரும்பி நின்னேன். மாமா மாட்டி வுட்டார். நானும் திட்டிக்கினே போயிட்டேன். கடுகு மாதிரி கொக்கிடா அது. ஒத்தக் கையால மாட்ட முடியாது.