என் மாடியும் உன் காலி மனையும்

அன்பு மைத்துனர் சுருளிராஜனுக்கு, தேனியிலிருந்து உன் அக்கா புருஷன் அம்மாவாசி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா பாண்டீஸ்வரியும் நலம், முழங்கால் நீங்கலாக. கம்பத்தில் நீயும் பிள்ளைகளும் திராட்சைக் கொடியும் நலந்தானே.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற உன் காலி மனையில் ஆறு வீடு கட்டி வாடகைக்கு விடப்போகிறாயாம். வேண்டாம் மாப்ள, கையெடுத்துக் கும்பிடுகிறேன். மில்லில் வேலை பார்த்தவனுக்கு ஏது பென்ஷன், மாடி வாடகையில்தான் எங்கள் சாப்பாடும் மாத்திரையும். போன வருஷம் எதிர்ச்சாரியில் ஏலக்காய் வியாபாரி ஒருத்தர் எட்டு வீடு கட்டினார். பெரிய சம்பளக்காரர்கள் குடிபோகிற வீடு, நமக்கென்ன என்று இருந்தேன். இங்கே வாடகைக்கு இருந்த பேங்க் மேனேஜர் அங்கே போனார். அவர் விட்ட வீட்டுக்கு ஜெபஷீலா டீச்சர் போனார்கள். டீச்சர் விட்ட வீட்டுக்கு, வாடகை குறைச்சல் என்று, என் மாடியில் ஆறு வருஷம் இருந்த கிங்ஸ்லி போய்விட்டார். கட்டினது ஏலக்காய் வியாபாரி, காலியானது என் மாடி.

பிறகு குருசாமி என்று ஒருத்தர் வந்தார். வீடு பிடித்துவிட்டது, நாளைக்கே வருகிறேன் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நாளைக்கு ஆடி பொறக்குதுங்க. ஆடியில யாராச்சும் குடி வருவாகளா? ஆவணியில நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சுங்க" என்றேன். ஆடியில் குடிவர ஆளில்லாமல் தெருவே வாடகையைக் குறைத்துவிட்டது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் குருசாமி பால் காய்ச்சினார், எங்களுக்கு மூணாவது வீட்டில். எங்களையும் கூப்பிட்டு ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். சீனி பத்தலை என்றாள் உன் அக்கா.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கருவாடு வறுக்கக் கூடாது, ஒன்பது மணிக்கு மேல் கேட்டைத் திறக்க மாட்டேன் என்று சட்டம் போட்டவன் நான். நேற்று வீடு பார்க்க வந்தவர்களிடம், "எத்தன ஆணி வேணும், நானே அடிச்சுத் தாரேன்" என்றேன். "பாத்துட்டுச் சொல்றோம்" என்று பைபாஸ் பக்கம் புது வீடு பார்க்கப் போய்விட்டார்கள். இந்த மாசம் இதையே ஏழு பேர் சொல்லிவிட்டார்கள். அலுத்துப்போச்சு மாப்ள. இதில் நீயும் ஆறு கட்டினால் என் மாடியில் புறாதான் குடியிருக்கும். அந்த மனையில் முருங்கை வை, வாழை வை, கட்டடம் மட்டும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உன் குடும்பத்துக்குச் சுருளி வேலப்பர் ஒரு குறையும் வைக்க மாட்டார்.

இப்படிக்கு,
அம்மாவாசி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் கோயம்புத்தூரிலிருந்து மகள் யுவராணி போன் பண்ணினாள். மருமகனுக்குத் தேனிக்கே மாற்றலாகிவிட்டதாம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, நாலு வருஷமாகப் பேத்தியைப் போனில்தானே பார்க்கிறோம். "மாடி காலியாத்தான் கெடக்கு, வந்துருங்க" என்றேன். மாமனார் வீட்டு மாடியில் இருந்தால் வீட்டோட மாப்பிள்ளை என்று ஊர் பேசும், மாட்டேன் என்கிறாராம் மருமகன். "நடக்குற தூரத்துலயே வேற வீடு பாருங்கப்பா" என்கிறாள். சாயங்காலம் முழுக்க அலைந்து பார்த்தேன், இந்தப் பக்கம் என் மாடியைத் தவிர ஒரு வீடும் காலி இல்லை. ஆகவே நீ நாளைக்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டு. ஆறு பத்தாது, எட்டாகக் கட்டு, வாடகை தெருவிலேயே குறைச்சலாக இருக்கட்டும். வேலை முடிகிறவரை கொத்தனார்கள் என் மாடியில் தங்கிக்கொள்ளட்டும், வாடகை வேண்டாம்.