எங்க ஊட்டு கரண்ட்

அன்பும் மரியாதையும் மிகுந்த சாலமோன் சித்தப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் வேப்பம்பட்டில் நாங்களும் உங்கள் காரும் சுகம். குவைத்தில் உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பிப்பீர்கள். அதனால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன்.

"வாரத்துக்கு ஒரு தபா நிக்கவச்சே பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணு. ரோட்டுல எடுத்தன்னா தோலை உரிச்சிடுவேன். இன்னொரு தபா பேட்டரி செத்துச்சின்னா சாவி என் மச்சான் ஸ்டீபனுக்குத்தான்" என்றீர்கள். அப்படியே செய்தேன். நாலாவது ஞாயிறு வண்டி 'டிக் டிக்' என்றதோடு சரி. பேட்டரிக் கடை செல்வி அக்கா வந்து சார்ஜ் ஏற்றிவிட்டு, "ஸ்டார்ட் பண்ணச்சொல்லோ பேட்டரிலேர்ந்து உறிஞ்சினதையே இன்ஜின் பத்து நிமிசத்துல திருப்பிக் குடுக்காதுடா. அரை மணி நேரமாவது ஓட்டணும்" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியும் கான்ட்ராக்ட் ஆட்களை அப்படித்தான் வைத்திருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் உறிஞ்சிவிட்டு ஒரு டீ தருவார்கள். ஆகவே உங்கள் பேச்சை மீறினேன். ஞாயிறு தோறும் கோயில் முடிந்ததும் திருவள்ளூர் போய்த் திரும்புகிறேன். வழி பெரிய தெருதான். "இன்னாடா, எங்க தெருவுல தெனம் ஊர்கோலமா?" என்றார் நிலக்காரர் வீரராகவன். "ஞாயித்துக்கெயம மட்டும்தான்" என்றேன்.

இன்று காலை அதே வீரராகவன், நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர், நம் வாசலில் வந்து நின்றார். அவர் மகள் ஸ்நேகாவுக்குத் திருவள்ளூரில் அரசு வேலைத் தேர்வு. அழகுக்கு நிறுத்தியிருக்கும் அவர் கார் உயிரை விட்டிருந்தது.

"தாவீது, தம்பி, கொஞ்சம் கரண்ட் குடுப்பா."

இத்தனை வருஷமாக 'டா' போட்ட வாயில் 'தம்பி'!

"எங்க ஊட்டுத் தண்ணி உங்களுக்கு எறங்காது. கரண்ட் மட்டும் உங்க வண்டில ஏறுமா?"

"ஏறும்னு சொல்லு நைனா! கேட்டை மூடிடப் போறாங்க!" என்று அவர் பின்னாலேயே ஓடிவந்த ஸ்நேகா கத்தினாள்.

"ஏறும்பா, ஏறும்!"

அவர் வாசலில், தெருவே பார்க்க, இரண்டு காரையும் முகத்தோடு முகம் நிறுத்தி, நம் பேட்டரியிலிருந்து அவர் பேட்டரிக்கு ஒயரை மாட்டினேன். ஒரே திருப்பில் அவர் வண்டி உறுமியது. மகளை ஏற்றிக்கொண்டு பறந்தார். ஜெயித்துவிட்டோம் சித்தப்பா!

வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெபத்தில் எங்களை நினையுங்கள். ஸ்டீபன் மாமாவை மறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மகன்
தாவீது

பி.கு.: இதை வீரராகவன் வாசலிலேயே, காருக்குள் உட்கார்ந்துதான் எழுதினேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டு, பாட்டையும் அலறவிட்டு, இன்ஜினை மட்டும் அணைத்திருந்தேன். இப்போது சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்'. மகளை விட்டுவிட்டுத் திரும்பிய வீரராகவன் கண்ணாடியைத் தட்டுகிறார். "இன்னா தம்பி, எங்க ஊட்டு கரண்ட் உங்க வண்டில ஏறுமா?"

"எங்க ஊட்டாண்ட போய் ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டு வாங்க, ஏறும்" என்றேன்.

யோசித்துக்கொண்டே நிற்கிறார். நானும் இறங்கவில்லை.